ஹார்பெத்தா, கெஃபா, க்ளிப்ஷா? 11க்கு 13 அடி அறைக்கு ஒரு பதில்

ஸ்பீக்கர் வாங்கப் போகும் ஒருவர் எனக்கு எழுதிய கேள்வியை முதலில் சுருக்கமாக, அவர் வாயாலேயே சொல்லிவிடுகிறேன். சென்னையில் அடுக்குமாடி வீடு. பாட்டு கேட்பதற்கென்று ஒதுக்கிய அறை 11க்கு 13 அடி. சேனலுக்கு 30 வாட் தரும் வால்வு ஆம்ப் (டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழல்கள் உள்ள பழைய பாணி ஆம்ப்ளிஃபயர்) இருக்கிறது, அதை விற்க மனமில்லை. கேட்பது பெரும்பாலும் கர்நாடக வாய்ப்பாட்டு, 70, 80களின் திரைப்பாடல்கள், தூங்கப் போகும் முன் கொஞ்சம் ஜாஸ். ஸ்பீக்கருக்கு ஆறு லட்சம் வரை செலவழிக்கலாம். ஹார்பெத், கெஃப், க்ளிப்ஷ் மூன்றையும் மூன்று கடைகளில் கேட்டாயிற்று, மூன்றுமே பிடித்திருக்கிறது. எது என் ரசனைக்குப் பொருந்தும்?

மூன்றும் பிடித்ததில் ஆச்சரியமில்லை. அவரவர் கடையில், அவரவர் ஆம்பில், அவரவர் எடுத்துப் போடும் பாட்டில் அரைமணி நேரம் கேட்டால் எந்த நல்ல ஸ்பீக்கரும் பிடிக்கும். கல்யாண வீட்டுச் சாப்பாடு மாதிரி. குறை தெரிய வேண்டுமென்றால் அதே கைச் சமையலை நாலு நாள் சாப்பிட வேண்டும்.

சரி, ரசனைக்கு வருவோம். கச்சேரிக்குப் போகிறீர்கள், அரங்கம் காலி, எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். எங்கே உட்காருவீர்கள்? இரண்டாவது வரிசையில், வயலின் வில் தந்தியில் உரசுவதும் பாடகர் மூச்சிழுப்பதும் கேட்கிற இடத்திலா? பத்தாவது வரிசையில், எல்லாம் ஒன்றாகக் கலந்து வருகிற இடத்திலா? அல்லது உங்களுக்குப் பிடித்த சங்கீதமே கோயில் புறப்பாட்டில் தவிலுக்கு மூன்றடி தள்ளி நின்று கேட்பதா? நான் யோசனை சொல்லப் போகும்போதெல்லாம் கேட்கிற முதல் கேள்வி இதுதான். 'வார்ம்', 'நியூட்ரல்', 'டீடெய்ல்' என்று கேட்டால் பதில் தேறாது. ஒருவருக்கு வார்ம் என்பது இன்னொருவருக்கு மந்தம். ஒருவர் டீடெய்ல் என்று கொண்டாடுவது இன்னொருவருக்குத் தலைவலி. உட்காரும் வரிசையைச் சொல்லும்போது மட்டும் யாரும் பொய் சொல்வதில்லை.

நீங்கள் சொன்ன மூன்று கம்பெனிகளும் மூன்று வரிசைகள். அது தற்செயல் இல்லை, ஒவ்வொன்றும் பிறந்த கதை அப்படி.

ஹார்பெத்தை 1977இல் தொடங்கிய டட்லி ஹார்வுட் பிபிசியின் ஆராய்ச்சிப் பிரிவில் இருந்தவர். அந்தப் பிரிவின் வேலையே வித்தியாசமானது. பக்கத்து அறையில் அறிவிப்பாளர் பேசுவார், இந்த அறையில் ஸ்பீக்கரில் அவர் குரல் வரும். நடுவில் கதவைத் திறந்து போய் நேரில் கேட்டுவிட்டு வந்து, இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கலாம். மனிதக் குரல்தான் அளவுகோல். 70களில் அவர்கள் வெளிப்புற ஒலிபரப்பு வேன்களுக்காக உருவாக்கிய எல்எஸ்3/5ஏ என்ற குட்டி ஸ்பீக்கர் இன்றுவரை பல பேரின் கனவு. அந்தப் பரம்பரையில் வந்ததுதான் ஹார்பெத்தின் பி3இஎஸ்ஆர். குரல் உடம்போடு வரும், சத்தம் முகத்தில் அடிக்காது. பத்தாவது வரிசை.

கெஃப் கதை இதோடு பின்னியது. 1961இல் அதைத் தொடங்கிய ரேமண்ட் குக்கும் பிபிசியில் வேலை பார்த்தவரே. எல்எஸ்3/5ஏயில் உயர்ந்த சுரங்களைத் தரும் ட்வீட்டர், தாழ்ந்த சுரங்களைத் தரும் வூஃபர் இரண்டும் கெஃப் தயாரிப்பு. ஆனால் கெஃப் போன வழி அளவீட்டின் வழி. 1988இல் யூனி-க்யூ என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள்: ட்வீட்டரை இன்னொரு ஸ்பீக்கர் கூம்பின் நடுமையத்தில் வைப்பது. எல்லாச் சத்தமும் ஒரே புள்ளியிலிருந்து கிளம்புவதால், நேரே வருவதும் பக்கவாட்டில் போய்ச் சுவரில் பட்டு வருவதும் ஒரே குணத்தோடு இருக்கும். யார் எங்கே நிற்கிறார்கள் என்று விரலால் சுட்டிக் காட்டலாம். இரண்டாவது, மூன்றாவது வரிசை.

பால் க்ளிப்ஷ் 1946இல் அமெரிக்காவின் ஆர்கன்ஸா மாநிலத்தில் ஹோப் என்ற சிற்றூரில் கடை போட்டவர். அன்றைய ஆம்ப்களில் வாட் குறைவு. நாதஸ்வரத்தின் வாய் போல விரியும் ஹார்ன் வைத்தால் சொற்ப வாட்டிலேயே அரங்கம் அதிரும். கூம்பு அதிகம் அசைய வேண்டியதில்லை, அதனால் ஒலி சிதைவதும் குறைவு. இதுதான் அவர் கொள்கை. அறையின் மூலையில் வைத்தால் சுவரே ஹார்னின் நீட்சியாகிவிடும் என்று மூலை, மூலை என்றே இருந்த மனிதர். 1957இல் அவரே மூலை தேவைப்படாத சிறிய ஒன்றைச் செய்தபோது, யாரோ இது மதத் துரோகம் என்று கேலி செய்ய, அதையே பெயராக வைத்துவிட்டார். 'ஹெரசி' என்ற அந்த மாடல் இன்றும் விற்பனையில் இருக்கிறது. தவில் பக்கத்தில் நிற்பது போல் வேண்டுமென்றால் இதுதான்.

இங்கே ஒரு குறும்பான விஷயம். நம்மில் பலருக்குக் கச்சேரி என்றால் காதில் ஒலிப்பது மைக் வழியாக, அரங்கத்து ஸ்பீக்கர் வழியாக வந்த சத்தம். மைக் இல்லாமல் ஒரு தம்பூராவையும் குரலையும் பத்தடியில் கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். அதனால் ஹார்னைக் கேட்டுவிட்டு "அப்படியே சபா சவுண்ட்" என்று ஒருவர் சொன்னால் அவர் சொல்வது நிஜம்தான். குரல் அப்படியே இருக்கிறதா என்பது வேறு கேள்வி. உங்களுக்கு எந்த ஞாபகம் இனிமையோ அதைத்தான் வாங்கப் போகிறீர்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் ரசனை, ரசனை என்று சொல்லி எதை வேண்டுமானாலும் நியாயப்படுத்திவிட முடியாது. கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்திலும் பிறகு ஸ்பீக்கர் தயாரிக்கும் ஹார்மன் நிறுவனத்திலும் இருந்த ஃப்ளாய்ட் டூல், அவருடன் வேலை செய்த ஷான் ஆலிவ் இருவரும் பல வருடங்கள் திரை மறைவில் ஸ்பீக்கரை வைத்து மக்களைக் கேட்கச் சொல்லிப் பார்த்தார்கள். எது என்று தெரியாமல் கேட்டபோது பெரும்பாலானவர்களுக்குப் பிடித்தது ஒரே மாதிரி ஸ்பீக்கர்தான்: எந்தச் சுரத்தையும் தூக்கியோ அமுக்கியோ காட்டாதது, பக்கவாட்டில் போகும் ஒலியும் ஒழுங்காக இருப்பது. 1994இல் வெளியிட்ட ஒரு சோதனையில் ஹார்மன் ஊழியர்கள் 40 பேரை நான்கு ஸ்பீக்கர்களை முதலில் பார்க்காமலும் பிறகு பார்த்தும் மதிப்பிடச் சொன்னார்கள். பார்த்ததும் மதிப்பெண்கள் மாறிவிட்டன. கண் காதைத் தின்றுவிட்டது. அதனால் தேக்கு மேல்பூச்சையும் தங்க நிற டெர்மினலையும் பார்த்து மயங்காமலிருக்க ஒரு வழி, கண்ணை மூடிக்கொண்டு கேட்பது. கூச்சமாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

அப்படியானால் அடிப்படை சரியாக அமைந்த ஸ்பீக்கர்களுக்குள் ரசனைக்கு மிஞ்சுவது என்ன? என் அனுபவத்தில் மூன்றுதான். எவ்வளவு சத்தமாகக் கேட்பீர்கள், எவ்வளவு பேஸ் (தாழ்ந்த சுரங்களின் கனம்) வேண்டும், அறையின் ஒலி எவ்வளவு கலந்து வரலாம். மற்றதெல்லாம் கடைக்காரர் பேச்சு.

சத்தத்தைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. அதுதான் எனக்கு முதலில் தெரிய வேண்டியது. காது ஒரு விசித்திரமான கருவி. வால்யூம் குறையக் குறையத் தாழ்ந்த சுரங்களை அதிகமாகக் கோட்டைவிடும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933லேயே இதை வளைகோடு போட்டுக் காட்டிவிட்டார்கள். பழைய ஆம்ப்களில் 'லவுட்னஸ்' என்று ஒரு பொத்தான் இருக்குமே, அது இதற்காகத்தான். ராத்திரி பதினொரு மணிக்குப் பக்கத்து அறையில் குழந்தை தூங்கும்போது கேட்கும் ஜாஸும், ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில் யாருமில்லாதபோது கேட்கும் தனி ஆவர்த்தனமும் ஒரே ஸ்பீக்கரில் ஒரே மாதிரி இருக்காது. கடையில் சத்தமாகக் கேட்டு அற்புதம் என்று வாங்கியது வீட்டில் ராத்திரி சோகை பிடித்தது போல் ஒலிக்க இதுதான் காரணம். கேட்கப் போகும் வால்யூமில்தான் சோதிக்க வேண்டும்.

இனி உங்கள் 30 வாட். கொஞ்சம் கணக்கு, பொறுத்துக்கொள்ளுங்கள். பி3இஎஸ்ஆரின் சென்சிடிவிட்டி 83 டெசிபல் சொச்சம். அதாவது ஏறத்தாழ ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் அந்த அளவு சத்தம். ஹெரசிக்கு அது 99. வித்தியாசம் 16 டெசிபல். அதே சத்தம் வேண்டுமென்றால் ஹார்பெத்துக்கு ஹெரசியைவிட 40 மடங்கு வாட் வேண்டும்! 30 வாட்டையும் முழுக்கக் கொடுத்தால் ஹார்பெத் உங்கள் நாற்காலியில், எட்டடித் தொலைவில், உச்சத்தில் 90 முதல் 95 டெசிபல் வரை போகும். வாய்ப்பாட்டுக்கும் ராத்திரி ஜாஸுக்கும் தாராளம். நாதஸ்வரமும் தவிலும் நிஜ அளவில் வேண்டுமென்றால் போதாது. ஆம்ப் முனகும், ஸ்பீக்கரும் முனகும். ஹெரசியில் அந்தப் பிரச்சினையே கிடையாது, 30 வாட்டில் அக்கம்பக்கத்தினர் சங்கத்திலிருந்து கடிதம் வரும்.

கெஃபில் இன்னொரு சிக்கல். அதன் பெரிய மாடல்கள் சிலவற்றில் ஓம் கணக்கு, அதாவது மின்சாரத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் எதிர்ப்பு, சில சுரங்களில் 3 பக்கம் வரை இறங்கும். டிரான்சிஸ்டர் ஆம்புக்கு அது பெரிய விஷயமில்லை. வால்வு ஆம்பின் குணம் வேறு. ஸ்பீக்கரின் ஓம் ஏறி இறங்கும்போது ஆம்பின் ஒலியும் கூடவே ஏறி இறங்கும். கெஃப் பொறியாளர்கள் பாடுபட்டு நேராக்கி வைத்த கோட்டை நீங்கள் உங்கள் ஆம்பை வைத்து வளைத்துவிடுவீர்கள். அந்த ஆம்பை விடமாட்டேன் என்றால் கெஃபை இப்போதே பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம் என்பது என் கருத்து. ஆம்பை மாற்றச் சம்மதமென்றால் மூன்றில் இதைத்தான் முதலில் கேட்கச் சொல்வேன்.

அடுத்தது அறை. இதில் நான் சூடு பட்டவன். பதினைந்து வருடம் முன்பு, உங்கள் அறையைவிடக் கொஞ்சம் சின்ன அறையில், ஆளுயரத்தில் பாதி வருகிற இரண்டு ஃப்ளோர்ஸ்டாண்டர்களைக் கொண்டுவந்து நிறுத்தினேன். பெயர் வேண்டாம், நல்ல ஸ்பீக்கர்தான். கடையில் மிருதங்கம் தேன். வீட்டில் மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பி ஒவ்வொரு தட்டுக்கும் பக்கத்து வீட்டில் யாரோ அரிசி மூட்டையை இறக்குவது போல் 'தொம் தொம்' என்றது. ஆறு மாதம் ஒயரை மாற்றினேன், ஆம்பை மாற்றினேன், ஸ்பீக்கர் அடியில் கிரானைட் வைத்தேன். கடைசியில் வாங்கியதில் பாதி விலைக்கு விற்றேன். தப்பு ஸ்பீக்கரில் இல்லை.

எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே அலை தங்கி நிற்கும். உங்கள் அறையில் 13 அடி நீளத்துக்கு அது 43 ஹெர்ட்ஸ் பக்கம், 11 அடிக்கு 51 பக்கம், மேற்கூரை 10 அடியாக இருந்தால் 56. மூன்றும் ஒன்றையொன்று நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. அந்தச் சுரங்கள் மட்டும் ஊதிப் பெருக்கும். போதாக்குறைக்கு நம் வீட்டுச் சுவர் செங்கல், சிமென்ட். அமெரிக்காவில் மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்த சுவர்கள் அதிகம். அவை பேஸைக் கொஞ்சம் வெளியே கசியவிடும், கொஞ்சம் விழுங்கும். நம் சுவர் ஒரு சொட்டுக்கூட விடாது, அப்படியே திருப்பி அனுப்பும். அங்கே உட்கார்ந்து ஒருவர் "பேஸ் கொஞ்சம் ஒல்லி" என்று எழுதிய ஸ்பீக்கர் இங்கே அளவாக இருக்கும். "அபாரமான பேஸ்" என்று அவர் எழுதியிருந்தால் நீங்கள் எச்சரிக்கையாகுங்கள்.

அதனால் 11க்கு 13 அறைக்குப் பெரிய பெட்டி வேண்டாம். பின்னால் ஓட்டை வைத்த பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைப்பதும் வேண்டாம். பி3இஎஸ்ஆர் மூடிய பெட்டி. தாழ்ந்த சுரங்களில் மெதுவாக இறங்கும், சுவர் கொடுக்கும் கூடுதலோடு சேர்ந்து சமனாகிவிடும். வேனுக்குள் வைக்கச் செய்த பரம்பரை அல்லவா. வால்வு ஆம்பும் குரலும் என்றாலே பலர் குவாட் எலக்ட்ரோஸ்டாட்டிக்கைச் சொல்வார்கள், கூம்புக்குப் பதில் மெல்லிய படலம் அதிரும் ஸ்பீக்கர் அது. 1957இல் வந்த அந்தப் பழைய குவாடில் குரல் கேட்டிருக்கிறேன், மறக்க முடியாது. ஆனால் அதற்குப் பின்னால் நல்ல இடைவெளி வேண்டும், கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றும் தூசியும் அதற்கு ஆகாது. உங்களுக்கு வேண்டாம்.

எப்படிச் சோதிப்பது? கடைக்காரர் போடும் பளபளப்பான கிடார் பதிவுகளை மரியாதையாக மறுத்துவிட்டு, உங்களுக்கு மனப்பாடமான மூன்று பதிவுகளைக் கொண்டுபோங்கள். நான் கொண்டுபோவதைச் சொல்கிறேன்.

ஒன்று, பின்னால் தம்பூரா தெளிவாகப் பதிவான ஒரு வாய்ப்பாட்டு. தம்பூராவின் குதிரையில் செருகும் ஜீவா நூல்தான் அந்த ரீங்காரத்துக்குக் காரணம். ஒரே தந்தியிலிருந்து மேல் சுரங்கள் ஒவ்வொன்றாக மலர்ந்து வரும். நல்ல ஸ்பீக்கரில் ஒவ்வொரு மீட்டலும் திறந்து மூடுவது பாடகருக்குப் பின்னால் தனியாகக் கேட்கும். மோசமானதில் ஃபிரிட்ஜ் ஓடுவது போல் ஒரே 'ங்ங்' என்று இருக்கும். அதே பதிவில் சாகித்யத்தில் வரும் 'ஸ', 'ஷ' எழுத்துகளைக் கவனியுங்கள். ஊசி மாதிரி குத்தினால், அந்த ஸ்பீக்கரோடு வருடக்கணக்கில் வாழ முடியாது. முதல் அரைமணியில் அதே குத்தல் 'தெளிவு' போலத் தோன்றும். அங்கேதான் ஏமாறுவோம்.

இரண்டு, கும்கி நிறைய வாசிக்கும் தனி ஆவர்த்தனம். இடது கை தொப்பியில் அழுந்தி நகரும்போது சுரம் வழுக்கிக்கொண்டு ஏறும். அறையும் ஸ்பீக்கரும் ஒத்துப்போனால் அந்த வழுக்கல் ஒரே சீராக இருக்கும். ஒத்துப்போகாவிட்டால் நடுவில் ஒரு சுரம் மட்டும் வீங்கும், அல்லது காணாமல் போகும். எந்த அளவுகோலும் இவ்வளவு சீக்கிரம் அறையின் குற்றத்தைக் காட்டிக்கொடுக்காது. மிருதங்கம் சும்மா தட்டும் தோல் இல்லை. அதன் மேல்சுரங்கள் தந்தி வாத்தியம் போல் ஒழுங்காக அடுக்கப்பட்டவை என்பதை சி.வி. ராமன் 1920லேயே ஆய்ந்து எழுதியிருக்கிறார். வலப்பக்கமான வலந்தலையில் ஒலிக்கும் சுருதி தம்பூராவோடு சேர்கிறதா என்று காது தானாகவே பார்க்கும். சேராவிட்டால் தவறு வித்வானுடையது என்று முடிவு கட்டாதீர்கள், ஸ்பீக்கரையும் சந்தேகியுங்கள்.

மூன்று, ஒரு பழைய மோனோ திரைப்பாடல், அதாவது இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி வரும் பதிவு. குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில், காற்றில், ஆணி அடித்த மாதிரி நிற்க வேண்டும். அகலமாகப் பரவினாலோ ஒரு பக்கம் சாய்ந்தாலோ ஜோடி ஒத்துப்போகவில்லை, அல்லது வைத்த இடம் சரியில்லை. நீங்கள் கேட்பதில் பாதி அந்தக் காலத்துப் பதிவுகள் என்பதால் இன்னொன்றும் முக்கியம். அவற்றில் பலவற்றில் நடுச்சுரங்களின் மேல்பகுதி ஏற்கெனவே தூக்கலாக இருக்கும். அந்தப் பகுதியை ஸ்பீக்கரும் தூக்கினால் தகர டப்பா. இந்த வகைப் பதிவுகளுக்கு ஹார்பெத் காட்டும் கருணையை நான் வேறெங்கும் அதிகம் பார்த்ததில்லை. அது ஒருவகைப் பொய்தான். எனக்குப் பிடித்த பொய்.

ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக்க மறக்காதீர்கள். வால்யூம் குமிழை அப்படியே விட்டுவிட்டு ஸ்பீக்கரை மட்டும் மாற்றினால் ஹெரசி ஹார்பெத்தைவிடப் பல மடங்கு கத்தும், கத்துவது ஜெயிக்கும். ஒரு டெசிபல் கூடினாலே காது அதை 'தெளிவு' என்று எடுத்துக்கொள்ளும். போன் ஆப் ஒன்றை நாற்காலியில் வைத்து இரண்டையும் ஒரே எண்ணுக்குக் கொண்டுவந்தால் போதும்.

வீட்டில் இப்போதிருக்கும் ஸ்பீக்கரிலும் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு வாரம், எப்போதெல்லாம் வால்யூமைக் குறைக்கிறீர்கள், எந்தப் பாட்டைப் பாதியில் மாற்றுகிறீர்கள், எத்தனையாவது நிமிடத்தில் காபி போட எழுந்து போகிறீர்கள் என்று ஒரு தாளில் குறியுங்கள். எது பிடிக்கும் என்பதில் நமக்கு நாமே கதை சொல்லிக்கொள்வோம். எரிச்சல் கதை சொல்லாது. நான் என்னை டீடெய்ல் ரசிகன் என்றே பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான், நாற்பதாவது நிமிடத்தில் நான் எப்போதும் எழுந்துவிடுகிறேன் என்பதும், எழுவது பெரும்பாலும் வயலின் மேல்ஸ்தாயியில் போகும்போது என்பதும் தெரிந்தது.

ஆக, வால்யூம் எவ்வளவு என்று நீங்கள் சொல்லாத நிலையில் என் பதில் இது. அறையில் இன்னொருவர் குரல் உயர்த்தாமல் பேசினால் காதில் விழும் அளவில்தான் பெரும்பாலும் கேட்கிறீர்கள் என்றால் பி3இஎஸ்ஆர், நல்ல கனமான ஸ்டாண்ட், ட்வீட்டர் உங்கள் காது உயரத்தில். இன்னும் கொஞ்சம் பேஸ் வேண்டுமென்று ஆறு மாதம் கழித்தும் தோன்றினால் சின்ன சப்வூஃபர் ஒன்று சேர்த்துக்கொள்ளலாம், தோன்றாது என்றே நினைக்கிறேன். நாதஸ்வரக் கச்சேரி வீட்டுக்குள் வர வேண்டும், தவில் நெஞ்சில் இடிக்க வேண்டும் என்றால் ஹெரசி. ராத்திரி மெல்லிய வால்யூமில் அது ஒல்லியாக ஒலிக்கலாம் என்பதைத் தெரிந்தே வாங்குங்கள். இரண்டிலும் விலையைப் பேசும்போது, வீட்டில் வைத்து இரண்டு மூன்று நாள் கேட்கக் கொடுப்பீர்களா என்று முதலில் கேளுங்கள். பத்து சதவீதம் தள்ளுபடியைவிட அது பெரிது. "நூறு மணி நேரம் ஓடினால் சரியாகிவிடும்" என்று சொல்லிக் கையில் கொடுத்தால் நம்பாதீர்கள். சரியாவது பெரும்பாலும் நம் காது. ஒயருக்குச் சில ஆயிரத்துக்கு மேல் செலவழிக்காதீர்கள்.

மிஞ்சும் பணத்தில் தரைக்குக் கனமான ஜமுக்காளமோ கம்பளமோ போடுங்கள், பின்சுவரில் புத்தக அலமாரி வையுங்கள். டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவரும் உள்ள அறையில் கைதட்டினால் 'டிங்' என்று ஒரு சத்தம் வருமே, அது போகும்வரை எந்த ஸ்பீக்கரைப் பற்றியும் தீர்ப்பு எழுத வேண்டாம்.

பழைய ஜோடி ஏதாவது மலிவாக வந்தால் வாங்கலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். தாராளமாக. வூஃபரைச் சுற்றியுள்ள வளையம் ரப்பரா, ஃபோமா என்று மட்டும் வாங்கும் முன் பாருங்கள். ஃபோம் என்றால் நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் பத்துப் பதினைந்து வருடத்தில் உதிரும். விரலால் லேசாகத் தொட்டதும் பொடி ஒட்டினால், வளையம் மாற்றும் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.